தம்பிக்கும் சேர்த்து ஆடுகிறவர்

தம்பியின் முறை வந்ததும் பூமிநாதன் எழுந்துகொண்டார். தோளில் கிடந்த துண்டை உதறித் தலையில் முண்டாசாகச் சுற்றினார். வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டினார். வெற்றிலையை வலது கன்னத்திலிருந்து இடது கன்னத்துக்கு ஒதுக்கினார். கல்லைச் சுற்றி நாலடி நடந்து, சுவரோரம் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகளையும் இடது கையால் உருட்டி வீசினார்.

"விழுகுது பாருண்ணே பன்னெண்டு."

விழுந்தது மூன்று.

"இதெல்லாம் ஒரு கட்டையா? பேரீச்சம்பழத்துக்குப் போடுங்க" என்று சத்தம் போட்டார். பிறகு எழுந்தார். முண்டாசை அவிழ்த்துத் தோளில் போட்டார். வேட்டியைத் தழைய விட்டார். வெற்றிலை பழைய கன்னத்துக்கு வந்தது. தம் இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, யாருமில்லாத அந்தச் சுவரோரத்தைப் பார்த்து, "கட்டைய வையாத, மருது. கட்டை என்ன செய்யும்? நீ போட்டது அம்புட்டுத்தான்" என்று தணிந்த குரலில் புத்தி சொன்னார்.

ஒரு ஆட்டம் முடிய இப்படி நூறு தடவையாவது எழுந்து உட்காரவேண்டும். முழங்கால் வலிக்கவில்லையா என்று ஒரு நாள் கேட்டேன்.

"எனக்கு வலிக்கல சார். அவனுக்குத்தான் லேசாப் பிடிக்கும்" என்றார்.

பூமிநாதன் சாயல்குடிக் கருப்பட்டிப் பேட்டையில் தராசு பிடிக்கிறவர். வயது ஐம்பத்து மூன்று. பனைமட்டை போல நீண்டு மெலிந்த உடம்பு. இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருக்கும்படிதான் நடப்பார். ஒரு கையில் பை இருந்தால் மறு கையில் எதையாவது எடுத்துக்கொள்வார். எடை போடும்போது வாயைத் துண்டால் கட்டிக்கொள்வார், மூச்சுக்காற்று தட்டில் பட்டுவிடக்கூடாது என்பதற்காக. தட்டில் ஈ உட்கார்ந்தால் அது தானாக எழுந்து போகும்வரை காத்திருப்பார். விரட்டமாட்டார். விரட்டினால் கைக்காற்றில் முள் ஆடும். பின்னால் நாற்பது வண்டி நின்றாலும் ஈயின் சௌகரியம்தான்.

கீழக்கரையிலிருந்து கருப்பட்டி வாங்க வரும் வாவு முகம்மது இவரிடம் மட்டும் மறு எடை கேட்பதில்லை. "பூமிநாதன் நிறுத்த சிப்பத்தக் கொழும்புல எறக்கி நிறுத்துப் பாத்தேன். கூட இருந்தது கடக்காத்து ஈரம் மட்டுந்தேன்" என்பார். கிலோக் கற்கள் வந்த வருஷம், பூமிநாதன் புதுக் கற்களை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டுபோய்ப் பழைய வீசைக் கற்களோடு ஒரே பெட்டியில் மூன்று நாள் வைத்திருந்தாராம். "ஒண்ணோட ஒண்ணு பழகட்டும்னு வச்சேன்" என்பது அவர் தந்த விளக்கம்.

நான் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கத்தின் சூப்பர்வைசராக இந்த ஊருக்கு வந்தவன். எங்கள் கிராமம் உத்தரகோசமங்கைக்குப் பக்கம். அங்கே பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று போட்டுக்கொண்ட முதல் ஆள் நான்தான். சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. பூமிநாதன் வீட்டு முன்னறையை வாடகைக்குக் கேட்டுப் போன அன்று அவர் என்னை நிற்கவைத்து விசாரித்தார்.

"பி.ஏ.ன்னா மொத்தம் எத்தன வருசப் படிப்பு?"

"எல்லாம் சேர்த்துப் பதினைந்து."

"நடுவுல எங்கயும் பெயிலு இல்லையே?"

"இல்லை."

"அப்பச் சரியான எடதான்" என்று சாவியை எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் விடிந்து பல் துலக்க முற்றத்துக்கு வந்தபோதுதான் அந்தக் கல்லையும் சுவரையும் பார்த்தேன். பார்த்ததும் பல் துலக்குவதை மறந்து நின்றுவிட்டேன்.

முற்றத்தின் நடுவில் ஒரு பெரிய கல் பதித்திருக்கிறது. பூமிநாதனின் அய்யா உளி வைத்துக் கொத்திய தாயக்கட்டம் அதில் இருக்கிறது. அந்தக் கட்டத்தின் நட்டநடுவில், வடக்கு தெற்காக, ஓராள் உயரத்துக்கு ஒரு சுவர் போகிறது. பாதிக் கட்டம் பூமிநாதன் வீட்டில். பாதி அவர் தம்பி மருதுபாண்டியின் வீட்டில். அய்யா காலமான மறு வருஷம் வீட்டைப் பாகம் பிரித்தார்கள். கொத்தனார் நூல் பிடித்தபோது நூல் கல்லின் மேல் விழுந்தது. கல் யாருக்கு என்று கேட்டார்கள். அண்ணனும் வாய் திறக்கவில்லை, தம்பியும் வாய் திறக்கவில்லை. கொத்தனார் கூலிக்கு வந்த மனிதர். கல்லின் மேலேயே சுவரை எழுப்பிவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் தாயம் ஆட முழுக் கட்டம் வேண்டுமே. காணாமல் போன பாதியைப் பூமிநாதன் சுவரின் மேல் அடுப்புக்கரியால் வரைந்திருந்தார். தரையில் கல்லில் ஓடிவருகிற காய், சுவர் வந்ததும் அப்படியே நிமிர்ந்து மேலே ஏறும். அண்ணன் காய் புளியங்கொட்டை, தம்பி காய் கடற்கரையில் பொறுக்கிய வெள்ளைச் சிப்பி. சுவரில் காய் எப்படி நிற்கும்? கருப்பட்டிக்காரருக்கு அது ஒரு பிரச்சினையா? பக்கத்தில் ஒரு சிரட்டையில் கருப்பட்டிப் பாகு இருக்கும். காயை அதில் ஒற்றி, கட்டத்தில் ஒட்டவைப்பார். ஒட்டிய காயை நகர்த்தும்போது ஒரு சின்ன 'பச்சக்' சத்தம் வரும். கன்றுக்குட்டி மடியை விடுகிற சத்தம் போல இருக்கும்.

கட்டத்தின் நடு வீட்டுக்குக் காய் போய்ச் சேர்ந்தால் அது பழம். ஆறு காயையும் முதலில் பழமாக்கியவர் ஜெயித்தவர். அந்த நடு வீடு இப்போது சுவருக்கு அடியில் இருக்கிறது. அதனால் சுவரின் அடியில் கடப்பாரையால் எலிப்பொந்து அளவுக்கு ஒரு துவாரம் போட்டிருந்தார். பழமான காயை அதற்குள் விரலால் தள்ளிவிடுவார்.

"உள்ள போன காயத் திரும்ப எப்படி எடுப்பீங்க?"

"எடுக்குறது இல்ல சார். செவத்துக்குள்ளயே கெடக்கும். அடுத்த ஆட்டத்துக்கு வேற கொட்டை, வேற சிப்பி. சாயல்குடியில புளிக்கும் பஞ்சமில்ல, கடலுக்கும் பஞ்சமில்ல."

ஊரில் பாகப்பிரிவினைக்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். இந்த வீட்டில் சொல்லப்படுகிற காரணம் ஒன்றுதான்: ஒரு கட்டை சாய்ந்தது. ஏழு வருஷத்துக்கு முன் அண்ணனும் தம்பியும் ஆடிய கடைசி ஆட்டத்தில், மருதுபாண்டி ஜெயிக்க ஒரு தாயம் தேவைப்பட்டது. ஒரு கட்டையில் வெறும் முகமும் மறு கட்டையில் ஒற்றைப் புள்ளியும் விழுந்தால் தாயம். முதல் கட்டை வெறும் முகம் காட்டிப் படுத்தது. இரண்டாவது கட்டை வெற்றிலைத் தட்டின் விளிம்பில் சாய்ந்து, ஒற்றைப் புள்ளிக்கும் இரட்டைப் புள்ளிக்கும் நடுவில் நின்றது. தம்பி 'தாயம்' என்றார். அண்ணன் குனிந்து பார்த்து, "சாஞ்ச கட்டை செல்லாது" என்றார். தம்பி கட்டத்தைக் காலால் கலைத்துவிட்டு எழுந்துபோனார். அவ்வளவுதான். பிறகு வந்தது கொத்தனார்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. அந்த வீட்டில் அய்யா வைத்துவிட்டுப் போன சட்டம் ஒன்று இருந்தது. தோற்றவன் ஜெயித்தவன் வாசலுக்குப் போய்த் தலை குனியவேண்டும். ஜெயித்தவன் மூன்று குட்டு வைப்பான். பிறகு இருவரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடவேண்டும். ஆட்டம் முடியவில்லை என்றால் தோற்றவன் யார்? யார் வாசலுக்கு யார் போவது? இருவரும் போகவில்லை. ஏழு வருஷமாகப் பேச்சும் இல்லை.

அதனால்தான் பூமிநாதன் ஆடுகிறார். ஆட்டத்தை யாராவது முடித்துவைக்கவேண்டும் அல்லவா? ஓர் ஆட்டமாவது நேர்மையாக முடிந்து, அதில் தாம் தோற்றுவிட்டால், தம்பி வாசலில் போய் நிற்கலாம். அழைப்பு வேண்டாம்; தோற்றவன் போயே ஆகவேண்டும். ஆனால் ஏழு வருஷத்தில் முன்னூறுக்கும் மேலே ஆட்டம் ஆகியும் பூமிநாதன் ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

சில நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் காரணம் எனக்குப் பிடிபட்டது. தமக்காக ஆடும்போது பூமிநாதன் பாதுகாப்பான கட்டங்களில், அதாவது மலைகளில், ஏறி உட்கார்ந்து உட்கார்ந்துதான் காயை நகர்த்துவார். தம்பிக்காக ஆடும்போது மலையை ஏறிட்டும் பார்ப்பதில்லை. வெட்டலாம் என்றால் வெட்டுவார்; வெட்டிய காயோடு வெட்டவெளியில் நின்று வெட்டுப்படுவார்.

"தம்பிக்கும் கொஞ்சம் யோசித்து ஆடலாமே. அந்த நாலை வைத்து மலையில் ஏற்றியிருந்தால் அந்தக் காய் தப்பியிருக்கும்" என்றேன்.

அவர் என்னை, எடைக்கல்லில் மெழுகு ஒட்டியிருப்பதைப் பார்த்ததுபோலப் பார்த்தார்.

"அது கள்ள ஆட்டம் சார். மருது மலையில உக்கார மாட்டான். அவனுக்குப் பொறுமை கெடையாது. அவன் எப்படி ஆடுவானோ அப்படித்தான நான் ஆடணும்? நான் என் புத்திய அவனுக்குக் குடுத்தா, ரெண்டு பக்கமும் நானே ஆடுன மாதிரி ஆயிராதா?"

பதினைந்து வருஷம் படித்த நான், பாகுச் சிரட்டையை அவர் பக்கம் நகர்த்திவைத்தேன்.

இந்த ஆவணியில் விஷயம் முற்றியது. மருதுபாண்டியின் மகள் முத்தழகுக்குப் பரமக்குடியில் மாப்பிள்ளை நிச்சயமாகி, புதன்கிழமை காலை பந்தல்கால் என்று நாள் குறித்துவிட்டார்கள். பந்தல்காலைக் குடும்பத்தின் மூத்த ஆண்தான் ஊன்றவேண்டும். பூமிநாதனுக்குப் பிள்ளைகள் கிடையாது. முத்தழகு பிறந்த அன்று கருப்பட்டித் தண்ணீரைச் சேனையாக நாக்கில் தொட்டுவைத்தவர் இவர். அன்று அந்தக் கருப்பட்டியை நிறுத்துப் பார்த்துத்தான் கரைத்தார் என்று இவருடைய மனைவி உமையாள் சொல்கிறார்.

உமையாள் அதிகம் பேசாதவர். பேசினால் முறத்தில் புடைத்த மாதிரி, வேண்டியது மட்டும் நிற்கும். திங்கள்கிழமை காலையில் அவர் பேசினார்.

"நம்ம பிள்ளை கல்யாணம். எந்திரிச்சுப் போனா அவுக வாசல் என்ன, கடிக்கவா செய்யும்?"

"அவன் வெத்தல வச்சு அழைக்கலையே."

"அவுக எப்படி வருவாக? உங்க ரெண்டு பேருக்கும்தான் ஆட்டம் முடியலையே."

"அதத்தான் முடிக்கப் பாக்குறேன்."

"அப்பத் தோத்துத் தொலைங்களேன்."

"நான் தோக்க ரெடியாத்தான் இருக்கேன். அவன் ஜெயிக்க மாட்டேங்கிறான்" என்றார் பூமிநாதன். குரலில் தம்பி மேல் உண்மையான ஆதங்கம் இருந்தது.

அன்று மாலை பேட்டையிலிருந்து வந்ததும் என் அறைக்கு வந்தார். கையில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும். நாளைக் காலை கடைசி ஆட்டம். அதற்கு நான் சாட்சி. முடிந்ததும் தாம் போய்ச் சொன்னால் தம்பி நம்பமாட்டான், படித்தவர் கையெழுத்துப் போட்டால் நம்புவான் என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'மேற்படி ஆட்டம் யோக்கியமான முறையில் நடைபெற்றது என்றும், ஜெயித்தவர் இன்னார் என்றும் இதனால் சான்றளிக்கிறேன்.' இன்னார் இருக்கவேண்டிய இடத்தைக் காலியாக விடச் சொன்னார். கீழே என் பெயரையும் பி.ஏ.வையும் போட்டேன். பி.ஏ.வைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை ஆட்டம் வழக்கம்போல்தான் ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்தில் தம்பியின் நிலைமை மோசம். அண்ணனுக்கு மூன்று காய் பழம். நாலாவதும் ஐந்தாவதும் சுவரில் உச்சிக் கட்டத்துக்கு வந்துவிட்டன. அப்போது உமையாள் மோர் கொண்டுவந்து கொடுத்தார். பூமிநாதன் குடித்துவிட்டு வாய் கொப்பளிக்கத் தொட்டிப் பக்கம் போனார். போன அந்த இடைவெளியில் உமையாள், சிரட்டையிலிருந்த பாகை ஒரு விரலால் வழித்து, சுவரில் ஒட்டியிருந்த இரண்டு புளியங்கொட்டைகளுக்கும் கீழே தரைவரை கோடு இழுத்தாற்போல் தடவினார். பிறகு விரலை நிதானமாக நக்கினார். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். காலி லோட்டாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயல்குடி எறும்புக்கு வேறென்ன வேலை? பத்து நிமிஷத்தில் அந்த வழியே கறுப்பாக ஏறிவிட்டது. புளியங்கொட்டைகளைச் சுற்றி மொய்த்தது. பூமிநாதன் பார்த்துக்கொண்டே இருந்தார். ஈயை விரட்டாதவர் எறும்பை ஊதுவாரா? முதலில் ஒரு கொட்டை அசைந்து, பாகு அரிபட்டு, பொத்தென்று தரையில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவதும் விழுந்தது.

விழுந்த காய் வெட்டுப்பட்ட காய். ஏழு வருஷத்துக்கு முன் சுவரில் ஆட ஆரம்பித்தபோதே அவர் போட்ட சட்டம்.

"எறும்பு வெட்டுனாலும் வெட்டுத்தான், சார். எழுதிக்கங்க" என்றார். எனக்கு எழுத எதுவும் இல்லை. சான்றிதழில் ஏற்கெனவே எழுதிவிட்ட 'யோக்கியமான' என்ற சொல்தான் மனதில் ஊர்ந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. முத்தழகு நல்ல பெண்.

அதன்பிறகு தம்பியின் சிப்பிகள் ஒவ்வொன்றாகத் துவாரத்துக்குள் போயின. நாலு, ஐந்து. தம்பிக்கு ஐந்து பழம் என்பது அந்தச் சுவர் காணாத காட்சி. ஆனால் பூமிநாதனின் அதிர்ஷ்டம் சும்மா விடுமா? வெட்டுப்பட்ட இரண்டு காயையும் மறுபடி இறக்கி ஓடவைத்து அவரும் ஐந்து பழத்துக்கு வந்துவிட்டார். இப்போது தம்பிக்கு வேண்டியது ஒரு தாயம். தவறினால் அண்ணன் முறை. அவருக்கு வேண்டியது ஆறு. கேட்ட ஆறு அவருக்கு விழாத நாளே கிடையாது என்று ஏழு வருஷத்துச் சரித்திரம் சொல்கிறது.

பூமிநாதன் எழுந்தார். முண்டாசு கட்டினார். வேட்டியை மடித்தார். வெற்றிலையை ஒதுக்கினார். சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்தார். அன்று தம்பியாக உட்கார்ந்தும் ஒன்றும் கத்தவில்லை. இடது கையால் கட்டைகளை உருட்டி விட்டார்.

ஒரு கட்டை வெறும் முகம் காட்டிப் படுத்தது. இன்னொன்று உருண்டு உருண்டு போய், சுவரின் அடியில் மோதி, சாய்ந்து நின்றது. பாதி ஒற்றைப் புள்ளி. பாதி இரட்டைப் புள்ளி.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். முண்டாசை அவிழ்த்து, அந்தத் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டார். குனிந்து, தராசு முள்ளைப் பார்ப்பதுபோல் வலப்பக்கமிருந்து பார்த்தார். இடப்பக்கமிருந்து பார்த்தார். செல்லும் என்றால் தம்பி ஜெயித்தாயிற்று, நாளைக்குப் பந்தல்கால் இவர் கையில். ஆனால் அன்றைக்குச் செல்லாதது இன்றைக்கு எப்படிச் செல்லும்? முப்பது வருஷம் தராசு பிடித்த கை, ஒரே எடையை இரண்டு விதமாக எப்படிச் சொல்லும்? நெற்றி வியர்த்துவிட்டது.

"சார்" என்றார் துணிக்குள்ளிருந்து. "நீங்க படிச்சவுக. நீங்க சொல்லுங்க."

நான் பொருளாதாரம் படித்தவன். சாய்ந்த கட்டையைப் பற்றி அதில் ஒரு பாடமும் கிடையாது. "இது உங்க தம்பி போட்ட கட்டை. செல்லும், செல்லாதுன்னு சொல்ற உரிமை அவருக்குத்தானே? நான் போய்க் கேட்டுவிட்டு வரட்டுமா?" என்றேன். அவர் கட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை அசைத்தார்.

அடுத்த வாசலுக்குப் பத்தடிதான். முற்றத்தில் மருதுபாண்டி அதே சுவரின் மறுபக்கத்தில் குந்தியிருந்தார். சைக்கிள் கடைக்காரர், மடியில் ஒரு சங்கிலியும் எண்ணெய்த் துணியும். துடைத்த சங்கிலியையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். என்ன, சாஞ்சிருச்சா?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சத்தம் நின்னுபோச்சே. ஏழு வருசமா இங்கன நான் பல்லு வெளக்கிட்டு இருப்பேன், அங்கன நான் கத்திக்கிட்டு இருப்பேன். மொத நாளு என் சம்சாரம் பயந்தே போனா."

அவருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பிஸ்கட் டின் இருந்தது. மூடியைத் திறந்து காட்டினார். விளிம்புவரை புளியங்கொட்டை. சுவரின் அடியில், அந்தப் பக்கத்துத் துவாரத்துக்கு நேராக, இந்தப் பக்கம் எலி பறித்த பொந்து ஒன்று இருந்தது. பூமிநாதன் சுவருக்குள் கிடப்பதாக நினைத்த பழங்கள் எல்லாம் ஏழு வருஷமாகத் தம்பி வீட்டில்தான் வந்து விழுந்திருக்கின்றன.

"இம்புட்டும் அவுக பழம். என் சிப்பி எங்க? ஆட்டத்துக்கு ஒண்ணு வரும், ரெண்டு வரும். ஏன் தெரியுமா? என்னிய ஒரு ஆட்டம் ஆடுறாக பாருங்க, வெட்டு வெட்டுன்னு. நான் என்ன அருவாளா? எனக்கு வயசு நாப்பத்தெட்டு சார். மலையில ஏறி உக்காரத் தெரியாதா எனக்கு?"

"இதை அவரிடமே சொல்லியிருக்கலாமே."

"ஆட்டம் முடியாம எப்படிப் பேசுறது?" என்றார், நான் என்னவோ முறைகேடாகச் சொல்லிவிட்டதுபோல. டின்னுக்குப் பக்கத்தில் ஒரு சிரட்டையில் ஐந்து வெள்ளைச் சிப்பிகள் தனியாக இருந்தன. அன்று காலையில் வந்தவை.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். மருதுபாண்டி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். எனக்குச் சொல்வதுபோல், ஆனால் சுவருக்குக் கேட்கும்படி, சொன்னார்:

"சாஞ்ச கட்டை செல்லாதுன்னு சொல்லிருங்க, சார். எரக்கப்பட்டுக் குடுக்குற தாயம் எனக்கு வேண்டாம்."

சுவருக்கு அந்தப் பக்கம் பூமிநாதன் எழுந்துகொள்வது கேட்டது. பிறகு துணி அவிழ்த்த வாயிலிருந்து தெளிவாக வந்தது:

"செல்லும்."

"செல்லாது."

"செல்லும்ங்கிறேன்."

"போட்டவன் நான். நானே வேண்டாங்கிறேன்."

"நீ எங்க போட்ட? போட்டது நான். என் கை."

"இடது கையாலதான போட்டீங்க? அது என் கை."

"உன் கை என்கிட்டல்ல இருக்கு."

உமையாளின் குரல் குறுக்கே வந்தது. "அன்னைக்கும் இதேதான் கத்துனீக. இன்னைக்குப் பக்கத்த மாத்திக்கிட்டுக் கத்துறீக. அம்புட்டுத்தான் வித்தியாசம்."

மருதுபாண்டி சுவரில் உள்ளங்கையை வைத்தார். குரல் இறங்கியிருந்தது. "ஏழு வருசத்துக்கு முந்தி, சாஞ்ச கட்டை செல்லாதுன்னு சொன்னது யாருண்ணே?"

"நாந்தான்."

"இப்பச் செல்லும்னா, அன்னைக்குச் சொன்னது?"

நான் பேட்டையில் எத்தனையோ முறை அந்த மௌனத்தைப் பார்த்திருக்கிறேன். சிப்பத்தை வைத்து, கல்லை வைத்து, முள் ஆடி ஆடி அடங்குகிறவரை எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிற மௌனம்.

"அன்னைக்கும் முள்ளு கொஞ்சம் உன் பக்கந்தான் நின்னுச்சு, மருது. நான் பாத்தேன்."

பிறகு பொந்துக்குள் ஏதோ உரசுகிற சத்தம். சுண்ணாம்புத் தூள் கொஞ்சம் உதிர்ந்தது. ஆறாவது சிப்பி வெளியே வந்தது. அதன் பின்னாலேயே அதைத் தள்ளிய சுண்டுவிரலின் நுனியும் தெரிந்து, உள்ளே போய்விட்டது.

மருதுபாண்டி சிப்பியை எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது. பூமிநாதன் வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றினார். துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். சான்றிதழை என்னிடம் நீட்டினார். இன்னார் இருக்கவேண்டிய இடத்தில் 'மருதுபாண்டி' என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார். பிறகு நிலைப்படிக்கு வெளியே நின்றபடி, கழுத்தை வளைத்து, தலையைக் குனிந்துகொண்டார்.

மருதுபாண்டி அருகே போனார். இடது கையை மடக்கி ஓங்கினார். அண்ணனின் நரைத்த தலைக்கு மேலே அந்தக் கை வெகுநேரம் நின்றது. பிறகு நகர்ந்து போய், பக்கத்திலிருந்த வாசல் நிலையில் ஒரு குட்டு வைத்தது. பூமிநாதன் கண்ணை இறுக மூடித் தலையைத் தடவிக்கொண்டார். நிலையில் இன்னொரு குட்டு. மறுபடி தடவிக்கொண்டார். மருதுபாண்டிக்கு அதற்கு மேல் முடியவில்லை. "போதும், உள்ள வாங்கண்ணே. சோறு ஆறுது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பூமிநாதன் நகரவில்லை. குனிந்த தலை நிமிராமல், வலது கையை உயர்த்தி ஒரு விரலைக் காட்டினார்.